பிலமோன் இரண்டாம் அதிகாரம்

லூர்துராணிக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். ஆடி மாதக் கூட்டத்தில் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸில் முண்டியடித்து ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க இடம் கிடைத்ததும் போனை எடுத்தாள். அன்பியத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்றைய விவிலிய வாசகத்தைப் போட்டாள்: "பிலமோன், 2ஆம் அதிகாரம்." கையோடு, "வாசித்தேன், ஆமென்" என்று தன் பங்குக்கும் போட்டாள். ஒருங்கிணைப்பாளர் போட்டால்தானே மற்றவர்களும் போடுவார்கள்! வாசிப்பதைச் சாயங்காலம் வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சாயங்காலம் வந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம்.

பங்குக் கோயிலைச் சேர்ந்த வீடுகளைத் தெருவாரியாகப் பிரித்து அமைத்த ஜெபக் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். தென்னூரில் அவர்கள் தெரு அன்பியத்துக்கு அவள்தான் பொறுப்பு. தினம் ஓர் அதிகாரம் வாசித்து, விவிலிய ஞாயிறுக்குள் புதிய ஏற்பாட்டை முடிப்பது என்று புதுவருஷப் பூசை முடிந்த கையோடு ஆரம்பித்து வைத்தவளும் அவள்தான். விவிலிய ஞாயிறன்று அந்த அன்பியத்தைப் பூசையில் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டப் போவதாகப் பங்குச்சாமியே சொல்லியிருந்தார்.

எல்லா வீட்டிலிருந்தும் ஆமென் டாண் என்று வந்துவிடும். வராதது அவள் புருஷன் விக்டரிடமிருந்து மட்டும்தான். மனுஷன் ஜனவரி முதல் வாரத்தோடு நிறுத்தியவர். போன வெள்ளிக்கிழமை கூட்டத்தில் எதிர்வீட்டு அம்மா எல்லார் முன்னாலும் கேட்டே விட்டாள்: "என்ன டீச்சர், சார் இன்னும் மத்தேயுவையே தாண்டலையா?" சிரிப்பு வேறு. ஊருக்கெல்லாம் வாசிக்கச் சொல்கிறவள், தன் வீட்டு ஆளை வாசிக்க வைக்கத் துப்பில்லாமல் நின்றாள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ரீரங்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தான் பாடம் நடத்தும் ஸ்கூலுக்கு நடக்கிற வழியில்தான் விக்டரின் தம்பி இன்னாசி குடியிருக்கும் அடுக்குமாடி வீடு. அந்தப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடக்க அவளுக்கு ஒன்றரை வருஷப் பழக்கம். இன்னாசி தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தான், பேசி முடித்தான், அண்ணன் வீட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை தென்னூர்ப் பையன். ஆகவே கல்யாண அறிவிப்பான ஓலையை இவர்கள் கோயிலிலேயே வாசித்தார்கள். பெண்ணின் பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊரோடு ஊராகப் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். பக்கத்தில் இருந்தவள் திரும்பி, "உங்களுக்கே தெரியாதா?" என்று கேட்டாளே, அதை லூர்துராணி சாகும்வரை மறக்கமாட்டாள். பத்திரிகையோடு வந்த இன்னாசியையும் அவன் பெண்டாட்டியையும் வாசலோடு அனுப்பிவிட்டாள். கல்யாணத்துக்குப் போகவில்லை. விக்டரையும் போகவிடவில்லை. அதோடு அண்ணன் தம்பி பேச்சு அறுந்தது.

சாயங்காலம் மன்னார்புரத்தில் இருக்கும் தன் பேட்டரிக் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு விக்டர் வந்தார். காபித் தம்ளர் கைக்குப் போவதற்குள் லூர்துராணி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு இருபத்திமூணு பேர் போட்டாச்சு. நம்ம வீட்டு ஆமென் மட்டும் எங்கங்க போச்சு?"

"விடு ராணி."

"எப்படிங்க விடறது? தெருவே சிரிக்குது. தினமும் காலையில பைபிளை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்றீங்க. தூங்கறீங்களா, படிக்கிறீங்களா, ஒண்ணும் புரியல. இன்னைக்கு உள்ளது சின்ன அதிகாரம்தான். என் கண் முன்னாடி படிச்சிட்டு அப்புறம் காபி குடிங்க."

விவிலியத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். விக்டர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார்.

"ரெண்டாம் அதிகாரம் எங்க இருக்கு?"

"ஒண்ணுக்கு அடுத்து இருக்கும். இதுகூடவா நான் சொல்லணும்?"

"ஒண்ணோட முடிஞ்சிருச்சே. அடுத்தது எபிரேயர் வந்துருச்சு."

வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள். பிலமோனுக்கு எழுதிய திருமுகம் ஒரே அதிகாரம். ஒரு பக்கத்தைத் தாண்டாது. நேற்று ஒன்று என்று போட்ட கை, இன்று தானாக இரண்டு என்று போட்டிருக்கிறது. இல்லாத அதிகாரத்தை இருபத்திமூன்று பேர் வாசித்து முடித்து ஆமென் சொல்லியிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மாவோ ஒரு படி மேலே போய், "மனதைத் தொட்ட வசனங்கள்" என்று எழுதியிருந்தாள்.

"பாருங்க இந்த அநியாயத்தை!" லூர்துராணிக்கு மேல்மூச்சு வாங்கியது. "ஆண்டவர் பேரைச் சொல்லி இப்படிப் புளுகுவாங்களா? வெள்ளிக்கிழமை வரட்டும். ஒவ்வொருத்தரையா எழுப்பி, என்ன படிச்சீங்கன்னு கேக்கறேன். மானத்தை வாங்கலேன்னா பாருங்க."

"மொத ஆமென் உன்னுது" என்றார் விக்டர். குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அதனாலேயே அதிகமாக வலித்தது.

"நான் பஸ்ல நின்னுக்கிட்டுப் போடறேங்க! விடியக்காலம் எழுந்து, சமைச்சு, ஸ்கூலுக்கு ஓடி... எனக்கு எங்க நேரம்? நீங்க கடையைத் திறக்கறதே பத்து மணிக்கு. உங்களுக்கு என்ன கேடு? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

விக்டர் காபியை ஓரமாக வைத்தார்.

"நான் அஞ்சாம் அதிகாரத்துலயே நிக்கிறேன் ராணி. மத்தேயு அஞ்சு. காணிக்கை செலுத்த வர்றப்ப, உன் சகோதரனுக்கு உன்மேல மனத்தாங்கல் இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கயே வெச்சிட்டுப் போய் மொதல்ல சமாதானம் பண்ணிக்கோன்னு வருதுல்ல, அந்த எடம். தினமும் எடுக்கறேன். அதைத் தாண்டி ஆறாம் அதிகாரத்துக்குப் போனா, படிச்சேன்னு சொல்றதுக்கு என்ன அர்த்தம்? ஜனவரியிலேர்ந்து காணிக்கையைக்கூட உன் கையில குடுத்துத்தான் போடச் சொல்றேன். நீ கவனிக்கல."

அவள் கவனிக்கவில்லைதான்.

"அப்ப போயிருக்க வேண்டியதுதானே? யார் புடிச்சு வெச்சா?"

கேட்ட பிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் யார் என்று அவளுக்கே உறைத்தது. விக்டர் எழுந்தார். சட்டையை மாட்டி, வண்டிச் சாவியை எடுத்தார்.

"இன்னாசிய பார்த்துட்டு வரேன். நீ என்ன நெனச்சாலும் சரி."

"போங்க, நல்லா போங்க! ஊர் சிரிச்சது அவங்களாலதான். நம்மளாலயா?"

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. லூர்துராணி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். யார்மேல் கோபம் என்றே தெரியவில்லை. இன்னாசி மேலா, புருஷன் மேலா, இருபத்திமூன்று புளுகர்கள் மேலா? ஆத்திரத்தோடு மத்தேயுவைத் திறந்தாள். அவர் சொல்கிற மாதிரியா இருக்கும், மனுஷன் தனக்குச் சாதகமாகத் திரித்துச் சொல்லியிருப்பார் என்று தேடினாள்.

அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. தம்பிமேல் தப்பா, அண்ணன்மேல் தப்பா என்ற விசாரணையே அங்கே இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஓலை வாசிக்க வைத்தவனை மட்டும் விட்டுவிடலாம் என்றும் இல்லை. இந்த அதிகாரத்தை ஜனவரியில் குழுவில் போட்டு, முதல் ஆமென் சொன்னவளும் அவள்தான். அடுத்த வரிக்குப் போகப் பார்த்தாள். கண் போனது, மனது போகமாட்டேன் என்றது. சனியன், இவருக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டதே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பாலத்துக்கிட்ட. ஏன்?"

"அங்கயே நில்லுங்க. ஆட்டோ புடிச்சு வரேன்."

சொன்ன கையோடு அவளே அவசரமாகச் சேர்த்தாள்:

"சும்மா கூட வரேன், அவ்வளவுதான். இன்னாசி பொண்டாட்டிகிட்ட நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"சரி ராணி. வா."

மூஞ்சியைக் கழுவிக்கொண்டு, வீட்டைப் பூட்டி, தெருவில் போன ஆட்டோவைக் கை தட்டி நிறுத்தினாள். கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அந்தக் கோபத்தோடேயே ஏறி உட்கார்ந்து, "ஸ்ரீரங்கம் போப்பா" என்றாள்.