ஒரு புகையடுப்பு, இரண்டு அண்ணன்கள்

அந்த பார்பிக்யூ உணவகத்தில் புகையடுப்பு ஒன்று. அதை ஆள்பவர்கள் இரண்டு பேர். கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும். வேகும் கறியைப் பாதியில் காகிதத்தில் சுற்ற வேண்டுமா, கூடாதா என்று ஆரம்பித்த சண்டை முற்றி, ஏழு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் ஒருவர் விறகு வைத்தது மற்றவருக்குத் தெரியாவிட்டால் அன்றைய கறி அம்போதான். நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. வந்து மாட்டினாள் இவள்.

மூன்றே மாதத்தில் தொழில் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறேன் என்று கணவனிடமும் எட்டு வயது மகளிடமும் சொல்லிவிட்டு வந்தவள். பதினொரு மாதம் ஓடிவிட்டது. பாத்திரம் கழுவுகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர், தந்தி.

குறை சொல்லக்கூடாது, இருவரும் கையைப் பிடித்துத்தான் கற்றுக்கொடுத்தார்கள். புகை வெள்ளையாகத் திரண்டால் நெருப்புக்குக் காற்று போதவில்லை, அடுப்பின் காற்றுக்கதவைக் கொஞ்சம் திறக்க வேண்டும். நீலமாக, இருக்கிறதோ இல்லையோ என்று போனால் சரி. இன்னொரு வித்தையை மட்டும் அவளே கற்றுக்கொண்டாள்.

"காத்துக்கதவுல அவன் கை பட்டுது, ஒடிச்சுடுவேன்னு சொல்லு," என்பார் பெரியவர். விசிறி இரைச்சலில் அது அடுப்பின் மறுமுனைக்குக் கேட்காது. தந்தி அங்கே போய், "சின்னண்ணா, காத்துக்கதவ அப்படியே விட்டுடலாமான்னு பெரியண்ணா கேக்குறாரு," என்பாள்.

"கேக்குறாரா? அந்த மனுஷனா?" சின்னவர் முகத்தில் பல் தெரியும்.

பொய்தான். இரண்டு பேரும் அடித்துக்கொண்டால் நெருப்பை யார் பார்ப்பது?

போன வாரம் மகள் இருக்கும் ஊரிலிருந்தே ஒரு வேலை வந்தது. புது உணவகம், அடுப்பு முழுக்க அவள் பொறுப்பு. அந்த முதலாளியம்மாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இவள் தனியாக நெருப்பைக் கட்டி ஆள்வாளா? இன்று சாயங்காலம் அண்ணன் தம்பி இருவரிடமும் போனில் கேட்பார்.

விடிந்ததிலிருந்து தந்தி ஒருத்தியாகவே அடுப்பைப் பார்த்தாள். மாட்டு நெஞ்சுக்கறியை இரண்டாக வெட்டி, ஒன்றைச் சுற்றினாள், மற்றதைச் சுற்றாமல் விட்டாள். சாயங்காலம் கம்பியால் குத்திப் பார்த்தால் இரண்டிலும் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. அண்ணன்கள் இருவரும் இரண்டையும் சாப்பிட்டார்கள். இருவர் தட்டும் காலி.

முதலாளியம்மாவின் அழைப்பு வந்ததும் விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள்.

"நல்ல பொண்ணுங்க," என்றார் பெரியவர். பிறகு அவளைப் பார்க்காமல், "ஆனா நெருப்பு இன்னும் பிடிபடல. இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்," என்றார்.

தந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி மனுஷா! ஆனால் உடனே தைரியமும் வந்தது. சின்னவர் இருக்கிறாரே. அண்ணன் கிழக்கு என்றால் மேற்கு என்று சொல்வதையே ஏழு வருஷமாக விரதம்போல் நடத்துகிறவர். அவர் வாயையே பார்த்தாள்.

சின்னவர் காலித் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"அண்ணன் சொல்றது சரிதாங்க."

அந்தம்மா நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டார். பெரியவர் சிலையாக உட்கார்ந்திருந்தார். அண்ணன். அந்த வார்த்தையைக் கேட்டு ஏழு வருஷம். இந்த ஒற்றுமையைப் பதினொரு மாதம் ஊதி ஊதி மூட்டியவள் தானேதான் என்பது தந்திக்கு அப்போதுதான் உறைத்தது.

மேஜை மேல் போன் மறுபடி அடித்தது. மகள்.

பெரியவர் அதைக் கவனிக்கவில்லை. கை நீட்டினால் தொடும் தூரத்தில் தம்பி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் அவள் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

"அவன் என்னை அண்ணன்னா சொன்னான்? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்மா."