ஐந்தாம் வகுப்பு அட்டைகள்

பாடசாலையில் அந்தக் குழு உருவானதே நிரோஜினியால்தான். போன இலையுதிர்காலத்தில், பஸ் வரிசையில் நின்ற அவள் மகள் ஜெனனியைப் பார்த்து ஒரு பையன் குரங்குபோலக் கத்தியிருந்தான். அவன் பகிடிக்குச் செய்ததைப் பிள்ளை பிழையாக விளங்கிக்கொண்டுவிட்டாள் என்று பாடசாலை சொன்னது. நிரோஜினி விடவில்லை. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்த கையோடு, சீருடையைக்கூட மாற்றாமல் அதிபர் யென்ஸின் அறையில் போய் உட்கார்ந்தாள். தன்னைத் தாழ்த்துகிறார்கள் என்பது பதினொரு வயதுப் பிள்ளைக்கு விளங்காதென்றா நினைக்கிறீர்கள் என்று கேட்டாள். நாலு தரம் போனாள். ஐந்தாம் தரம் அவரே எழுந்து வந்து கைகொடுத்து, ஒரு குழு அமைக்கலாம் என்றார்.

ஸ்கீவ ஒரு சிறிய டேனிஷ் நகரம். அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் அவளைப் பற்றிப் பெருமையாகக் கதைத்தன. தை மாதம் பாடசாலை தன் உறுதிமொழியை எழுதியது. இனமோ நிறமோ பார்த்து இங்கே எந்தப் பிள்ளையும் தாழ்த்தப்படாது. தாழ்த்தப்பட்டால் அது மூடி மறைக்கப்படாது. இரண்டாவது பாதியைச் சேர்க்கச் சொன்னவள் நிரோஜினி.

மாசியில் ஒரு புதன்கிழமைப் பின்னேரம் குழு கூடியது. அதிபர், வகுப்பாசிரியை பிர்கிற்ற, இன்னொரு பிள்ளையின் தகப்பன் பீற்றர், நிரோஜினி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெயர் போடாமல் அட்டைகள் எழுதியிருந்தார்கள். ஒருவரை மற்றவர் தாழ்த்துவதை எங்கே பார்த்தாய் என்பது கேள்வி. பிர்கிற்ற அட்டைகளை நாலாகப் பிரித்துக் கொடுத்தாள். ஆளுக்கு ஆள் உரத்து வாசித்தார்கள்.

நிரோஜினியின் மூன்றாவது அட்டை இப்படித் தொடங்கியது: “எங்கள் வீட்டுக்கு வரும் என் தோழிக்கு மட்டும் கடதாசிக் கோப்பையில் ஜூஸ் கொடுக்கிறார்கள்.”

அந்த வரியை வாசித்த பிறகுதான் கையெழுத்து கண்ணில் பட்டது. எழுத்துகளின் வாலை வளைக்காமல் நேரே கீழே இழுத்துவிடும் கை. எத்தனையோ நாள் பக்கத்தில் இருந்து அவளே திருத்திப் பார்த்த கை.

மிச்சத்தைக் கண்ணால் மட்டும் வாசித்தாள். “எனக்குக் கண்ணாடிக் கிளாஸ். தோழி போனதும் அம்மா அந்தக் கோப்பையை இரண்டு விரலால் தூக்கிக் குப்பையில் போடுவார். ஒருநாள் தோழி அதைக் கழுவி வைத்திருந்தாள். அன்றைக்கும் போட்டார்.”

இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு கடையில் வாங்கிய கடதாசிக் கோப்பைப் பக்கெற்றுகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒன்று முடிய இன்னொன்று. முதலாவதை வாங்கிய கிழமையும் நினைவிருந்தது. அந்தத் தோழி ஷரோனின் தகப்பன் அந்தோனிதாசனுக்கு ஊரில் எந்த இடம் என்று கணவன் கபிலன் யாரிடமோ போனில் விசாரித்த கிழமை அது. போனை வைத்துவிட்டு, “அவை ஆர் எண்டு விளங்குதுதானே” என்று மட்டும் சொன்னான். அவள் ஓம் என்றாள். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் சாதியைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பிள்ளைகள் சேர்ந்து படிக்கட்டும் என்று வியாழக்கிழமைகளில் ஷரோனைக் கூப்பிட்டவளும் அவள்தான். சாதி பார்க்கிறவர்களைக் கண்டால் தனக்குப் பிடிக்காது என்றே, ஷரோன் வந்துபோன இந்த மூன்று வருடமும் நினைத்திருந்தாள். அவளிடம் கேட்காமலே கை அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது.

மேசையைச் சுற்றி மற்றவர்கள் காத்திருந்தார்கள். இங்கேயே நிறுத்தி அட்டையைக் கவிழ்த்து வைக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. சுவர்ச் சூடாக்கிக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மிச்சத்தையும் உரத்து வாசித்தாள். குரல் யாருடையதோ போலிருந்தது.

பீற்றர் நல்ல மனிதர். பிறந்தநாளுக்கு வாங்கி மிஞ்சிய கோப்பையாக இருக்கும், பிள்ளை பிழையாக விளங்கியிருக்கலாம் என்றார். அதிபர் மெல்லத் தலையாட்டினார். பிறகு, இப்படியான பேச்சை எப்போதும் எதிர்த்து எழும்புகிறவள் இவள்தான் என்பதால், மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள்.

“பிள்ளை பிழையாக விளங்கவில்லை” என்றாள் நிரோஜினி டேனிஷில். “இது என் வீடு. எழுதியது என் மகள்.”

பிர்கிற்ற, அந்தத் தோழி சோமாலியப் பிள்ளையா என்று தாழ்ந்த குரலில் கேட்டாள். தமிழ்ப் பிள்ளை என்றாள் நிரோஜினி. அதிபருக்கு விளங்கவில்லை. ஒரே நிறம், ஒரே மொழி, ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள், பிறகு எதற்காக என்று கேட்டார்.

அதைச் சொல்ல அவளுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. ஊரில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் எந்த வீட்டில் எதில் குடிக்கலாம் என்று பிறப்பைக் கொண்டு வகுத்து வைத்திருந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் முகம் மாறுவதைக் கண்டாள். குரங்குச் சத்தத்தைப் பற்றி அவள் சொன்னபோதுகூட அந்த முகங்கள் இப்படி மாறியதில்லை. அதிபர் உறுதிமொழித் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அதில் இதற்கு ஒரு வரியும் இல்லை. குழுவில் அவள் தொடர்ந்து இருப்பதைப் பற்றி அடுத்த கிழமை கதைக்கலாம் என்றார்.

ஜெனனி பாடசாலை நூலகத்தில் காத்திருந்தாள். காருக்குள் ஏறியதும் தாயின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு விளங்கிவிட்டது.

“ஏன் பிள்ளை என்னட்டச் சொல்லேல்லை?”

ஜெனனி வழக்கம்போல டேனிஷில் பதில் சொன்னாள். “கேட்டிருந்தால் நீங்கள் ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருப்பீர்கள். நான் நம்பியிருப்பேன்.”

நிரோஜினி காரை எடுத்தாள். வீட்டுக்குத் திரும்பும் சந்தியில் திரும்பாமல் நேரே போனாள். எங்கே போகிறோம் என்று ஜெனனி கேட்டாள்.

“ஷரோன் வீட்டை. மன்னிப்புக் கேக்கப்போறன்.”

“வேண்டாம் அம்மா.” பிள்ளை அவள் கையைப் பிடித்தாள். “போகாதேங்கோ.”

நிரோஜினி தெருவோரத்தில் காரை நிறுத்தினாள். ஜெனனி மறுபடி டேனிஷுக்கு மாறி, வேகமாகச் சொன்னாள். வியாழக்கிழமைகளில் பாடசாலை விட்டதும் ஷரோன் குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீர் குடிப்பாள். அதனால் எங்கள் வீட்டில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது. இப்போது சில மாதமாக அப்படித்தான். அது ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் அங்கே போனால் எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவள் என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

வேண்டாம் என்று ஷரோன் தலையாட்டியதெல்லாம் நிரோஜினிக்கு நினைவு வந்தது. நல்ல வளர்ப்பு என்று அப்போது நினைத்திருந்தாள்.

அவள் காரை எடுக்கவில்லை. மகளும் எடுக்கச் சொல்லவில்லை.