மேளத்தின் கீழே ஒரு வாய்

மகளின் கலியாணத்தில் மனோரஞ்சிதத்துக்கு வேண்டியிருந்தது மேளம் மட்டும்தான். மாப்பிள்ளை ஸ்ரீதரனின் வேலை நிரந்தரமா, தலைமுடி எத்தனை காலத்துக்கு நிற்கும் என்பதையெல்லாம் புருஷன் குஞ்சித்தம்பி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். தாலி ஏறும்போது கெட்டிமேளம் முழங்கவேண்டும். அதில் மாத்திரம் அவள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

காரணம் இருந்தது. ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தின்போது, மட்டக்களப்பில் ஊரடங்குச் சட்டத்துக்குள், கதவைச் சாத்திவைத்துக்கொண்டுதான் குஞ்சித்தம்பி அவளுக்குத் தாலி கட்டினார். சத்தம் வெளியே கேட்டால் ஆபத்து என்று மேளகாரரை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு மாமியார் சும்மா இருந்தாரா? வயலில் வெள்ளம் ஏறினாலும், மாடு கன்றை மிதித்தாலும், 'மேளமில்லாமல் வந்தவள்' என்று இவளைத்தான் பிடித்துத் தின்பார். கேட்பவர்கள் கலவரத்தையே இவள்தான் நடத்தினாள் என்று நினைத்துக்கொள்ளவேண்டும். அந்தச் சொல் மகள் ரதியின் காதில் ஒருநாளும் விழக்கூடாது என்பதுதான் மனோரஞ்சிதத்தின் பயம்.

பயத்துக்கு ஏற்ற மாதிரித்தான் சம்பந்தியும் அமைந்தார். மாப்பிள்ளையின் தாய் இராஜேஸ்வரி யாழ்ப்பாணம். சம்பந்தம் பேச வந்த அன்றே, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைக்குமுன் கேட்டுவிட்டார்.

"மேளத்துக்கு என்ன செய்யப்போறியள் சம்பந்தி? மேளமில்லாட்டி ஆராவது தும்முறது, அபசகுனமாக் கதைக்கிறது எல்லாம் காதில விழும். பிறகு காலத்துக்கும் அதையே நினைச்சுக்கொண்டிருக்கோணும்."

எண்பத்தாறில் ரொறன்ரோவில் தவில்காரருக்கு எங்கே போவது? அவர்களுக்குத் தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. கடைசியில் குஞ்சித்தம்பி லண்டனில் இருக்கும் மச்சானிடம் சொல்லி ஒரு நாதஸ்வரக் கசெற் எடுப்பித்தார்.

மண்டபம் ரொறன்ரோவின் வடக்கு ஓரத்து மில்லிக்கனில், ஒரு பிளாசாவில் இருந்த சீனர்களின் விருந்து மண்டபம். மூன்று வருடமாக அதன் சமையலறையில் மரக்கறி வெட்டுகிறவள் மனோரஞ்சிதம் என்பதால், முதலாளி லாவ் சந்தோஷமாகவே இடம் தந்தார். முதல்நாள் மணவறை சோடிக்கப் போனபோதுதான் சிக்கல் வந்தது. மேடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு எழுத்து.

"உது என்ன சம்பந்தி?" என்றார் இராஜேஸ்வரி. "என்ன எழுதியிருக்கெண்டு தெரியாம உதுக்கு முன்னால பிள்ளையளை இருத்தேலாது."

மனோரஞ்சிதத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை காலம் அந்த எழுத்தைத் தாண்டிப் போய்வந்திருக்கிறாள், என்னவென்று ஒருநாளும் கேட்டதில்லை. லாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவ்வளவுதான், சமையலறையே மேடைக்கு வந்துவிட்டது. ஹொங்கொங்காரரான லாவ் அதை 'ஹெய்' என்றார், மகிழ்ச்சி என்று பொருள் சொன்னார். பீக்கிங்கிலிருந்து வந்த சமையல்காரர் 'ஷி' என்றார். கோப்பை கழுவும் வியட்நாம்காரி தங்கள் ஊரில் 'ஹி' என்றாள். படம் எடுக்க இடம் பார்க்க வந்திருந்த கொரியாக்காரர், அது தன் அக்காவின் பெயரிலேயே இருக்கிறது, 'ஹுய்' என்று சொல்லவேண்டும் என்றார். யப்பானில் அதே எழுத்து 'கி' ஆகிவிடுமாம். ஆளுக்கொரு சத்தம் போட்டார்களே தவிர, பொருளில் ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை.

லாவ் விரலால் தொட்டுக் காட்டினார். மேலே இருப்பது காலில் நிறுத்திய மேளம். கீழே இருக்கிற சதுரம் வாய். மேளம் அடிக்க வாய் பாடும், ஆதியில் மகிழ்ச்சியை அப்படித்தான் எழுதினார்களாம். கலியாணத்தில் இரண்டு வீடு சேருவதால் அதையே இரண்டுதரம் ஒட்டி எழுதுவது வழக்கமாம்.

"நல்ல சொல்லுத்தான்" என்று இராஜேஸ்வரி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, பச்சைச் சேலை ஒன்றால் அதை மறைக்கச் சொன்னார். மறைத்தார்கள்.

வீட்டுக்குப் போகும்போது மனோரஞ்சிதம் காருக்குள் தன் தங்கச்சிமாருக்கும் ஒரு தடை போட்டாள். மட்டக்களப்பில் நல்ல காரியம் என்றால் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போடாமல் இருக்கமாட்டார்கள்.

"நாளைக்கு ஒருத்தரும் குரவை போடப்படாது புள்ள. மாப்பிள்ள வீட்டாருக்கு அந்தப் பழக்கம் இல்ல. மறுகா நம்மளப் பாத்துச் சிரிப்பாங்க."

மறுநாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ரதி கூறை உடுத்து வந்து அமர்ந்தாள். ஐயர் தாலித் தட்டைச் சபைக்குக் கொடுத்து ஆசி வாங்கிக்கொண்டிருந்தபோது, றேப் ரெக்கோடர் ஒருமுறை முனகிவிட்டு நின்றது. குஞ்சித்தம்பி மூடியைத் திறந்தார். நாடா இடியப்பம் போல வெளியே வந்தது. பென்சிலை விட்டுச் சுற்றப் பார்த்தார், அறுந்தே போய்விட்டது.

"வேற கசெற் ஒண்டும் இல்லையா?" என்று கேட்டாள் மனோரஞ்சிதம்.

"இல்ல" என்றார் குஞ்சித்தம்பி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

இராஜேஸ்வரி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை மனோரஞ்சிதத்துக்குத் தெரியும், மாமியாரின் அதே பார்வையோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறாள். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் மேடையைப் பார்த்தாள். பச்சைச் சேலைக்குப் பின்னால் சிவப்பு மங்கலாகத் தெரிந்தது.

பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். நேற்று மேளம் என்று சொன்னீர்களே, அப்படி ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்று லாவிடம் கேட்டாள். லாவ் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய், புத்தாண்டுச் சிங்க ஆட்டத்துக்கு அடிக்கும் பெரிய முரசை உருட்டிக்கொண்டு வந்தார். எப்போது அடிக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஐயர் விரலை ஆட்டும்போது என்றாள் அவள். நிற்காமல், பலமாக.

முரசைக் கண்டு ஐயர் ஒரு கணம் முழித்தார். பிறகு, பழகிய கை அல்லவா, தவில்காரருக்கு ஆட்டுவது போலவே விரலை ஆட்டினார். லாவ் அடித்தார். சமையல்காரர் பித்தளைத் தாளங்களை மோதினார். மண்டபத்துக் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஸ்ரீதரனின் கை ரதியின் கழுத்தருகே போனது.

ஐம்பத்தெட்டில் மூடிய கதவுக்குள் ஊமையாகத் தலை குனிந்து நின்ற அந்தப் பெண்ணை மனோரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள். எவர் சிரித்தால் எனக்கென்ன என்று வாயைத் திறந்து குரவை போட்டாள். இதற்காகவே காத்திருந்தவர்கள் போலத் தங்கச்சிமாரும் சேர்ந்துகொண்டார்கள். அவளுக்குக் கண்ணீர் வந்தது, குரவை நிற்கவில்லை.

பந்தி தொடங்கியதும் இராஜேஸ்வரி அவளைக் கையில் பிடித்து மணவறைக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். வரப்போவது வரட்டும் என்று மனோரஞ்சிதம் நின்றாள்.

"உங்களுக்கு மட்டும் சொல்லுறன் சம்பந்தி. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

"சொல்லுங்க."

"தாலி கட்டேக்க ஓமப்புகை மூக்கில ஏறி, நான் பெரிசாத் தும்மிப்போட்டன்." அவருடைய குரல் இன்னும் இறங்கியது. "ஆருக்கும் கேட்டிருக்குமோ?"

"பக்கத்தில நிண்ட எனக்கே கேக்கல்ல."

இராஜேஸ்வரிக்கு மூச்சு வந்தது. நேரே மேடைக்கு ஏறிப் பச்சைச் சேலையைத் தன் கையாலேயே உருவினார். கொரியாக்காரரைக் கூப்பிட்டு, சிவப்பு எழுத்தின் மேற்பாதியைக் காட்டி, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, "படத்தில உந்த மேளமும் தெரியோணும்" என்றார்.

"வாயும்" என்றாள் மனோரஞ்சிதம்.