கிளாரிசாவுக்கு ஓர் ஆமென்

"கர்த்தாவே, என் மகள் கிளாரிசாவை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். வெளியூரில் அவளுக்கு ஒரு தீங்கும் வராமல் காத்தருளும்."

இன்பநாதன் நிறுத்தினார். ஒவ்வொரு பெயருக்கும் பிறகு நிறுத்துவது அவர் வழக்கம். வீட்டில் இருப்பவர்கள் ஆமென் சொன்னால்தான் அடுத்த பெயருக்குப் போவார்.

அவர் மனைவி டோரீன் சொல்லவில்லை. கண்களை மூடியபடி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமென்," என்றான் ஷ்ரேயஸ்.

அவன் கிளாரிசாவின் கணவன். அவள் போன வருடம் மழைக்காலத்தில் டெங்குவில் இறந்துபோனாள். அந்த அறையில் இருந்த மூன்று பேரில் இன்பநாதனுக்கு மட்டும் அது தெரியாது. தெரிந்திருந்தது. இப்போது தெரியாது.

குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இதயம் நின்றுவிட்டது. கூட்டத்தில் லோஹேகாவ் தளத்து விமானப்படைக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மண்டியிட்டு மார்பை அழுத்தத் தொடங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. ஷாக் கொடுத்தபின் துடிப்பு வந்தது. ஆனால் கண் திறக்கவில்லை.

ஷ்ரேயஸ் தான் குடியிருந்த வாகட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரைக் குளிர வைத்திருந்தார்கள். மார்பிலும் தொடைகளிலும் பட்டைகள் ஒட்டியிருந்தன. அவற்றுக்குள் குளிர்ந்த நீர் ஓடியது. உடம்பின் சூடு முப்பத்து மூன்று டிகிரிக்கு இறங்கியிருந்தது. நடுங்காமல் இருக்க மருந்து கொடுத்திருந்தார்கள்.

"ஒரு போர்வையாவது போடச் சொல்லுப்பா," என்றார் டோரீன். "அவ்வோளுக்கு ஏசியே ஆகாது. ஃபேனக்கூட ரெண்டுலதான் வெப்பாவ."

டாக்டர் பரஞ்சபே இளம் வயதுக்காரி. ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னாள். ரத்தம் போகாத நேரத்தில் மூளை பட்டினி கிடந்தது. ரத்தம் திரும்பி வரும்போதும் கொஞ்சம் சேதம் செய்யும். குளிர வைத்தால் மூளையின் பசி அடங்கும், சேதமும் அடங்கலாம். ஒரு நாள் இப்படி வைத்திருந்து, பிறகு மிக மெதுவாகச் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் கெட்டுவிடும். எழுந்தால் யாராக எழுவார் என்று இப்போது சொல்ல முடியாது.

யாராக என்ற அந்தச் சொல்லை அவன் டோரீனுக்குத் தமிழில் சொல்லவில்லை.

அன்று மாமனாரின் கையைத் தொட்டுப் பார்த்தான். பிரிட்ஜில் இருந்து எடுத்த பாத்திரம் போல இருந்தது. அந்தக் குளிர்ச்சி அவனுக்குத் தெரிந்ததுதான். போன வருடம் இன்னொரு கையில் தொட்டிருக்கிறான். இந்தக் கைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு மெஷின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் அழவில்லை. கிளாரிசாவுக்கும் அழவில்லை. அழாததை எல்லோரும் தைரியம் என்றார்கள். அவனுக்கு அது என்னவென்று தெரியவில்லை.

சூடு ஏறியபின் இன்பநாதன் விழித்தார். டோரீனை அடையாளம் தெரிந்தது. கர்த்தருடைய ஜெபம் முழுதும் வந்தது. பிம்ப்ரி தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்த்த காலத்து அலமாரிகளில் எந்தத் தட்டில் எந்த போல்ட் இருந்தது என்று சொன்னார். கடைசி இரண்டு வருடம் மட்டும் இல்லை. துடைத்த பலகை மாதிரி இருந்தது. புதிதாகச் சொல்வதும் சரியாக நிற்கவில்லை. காலையில் குடித்த காபியை மத்தியானம் மறந்தார்.

வீட்டுக்கு வந்த அன்று முதலில் கேட்டது, "கிளாரிசாள எங்க காணோம்?"

டோரீன் வாயைத் திறப்பதற்குள் ஷ்ரேயஸ் சொல்லிவிட்டான். "பெங்களூர் போயிருக்கா மாமா. ஆபீஸ் வேலை."

"என் கிட்ட சொல்லாமலா போனா?"

"நீங்க தூங்கிட்டிருந்தீங்க."

அன்று மாலை ஜெபத்தில் அவள் பெயர் வந்தது. டோரீன், கிளாரிசா, ஷ்ரேயஸ். பழைய வரிசை.

அந்த வரிசையில் தன் பெயர் சேர்ந்த நாள் ஷ்ரேயஸுக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் வங்கி அதிகாரி பத்மநாபனின் பையன். பூணூல் போட்ட வீடு. கிளாரிசாவோடு முதன்முறையாக நிக்டியில் இருக்கும் அவள் வீட்டுக்கு வந்து, ஹாலில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தான். இன்பநாதன் அவனிடம் இரண்டே கேள்வி கேட்டார். எங்கே வேலை, மீன் சாப்பிடுவியா. இரண்டாவதற்கு இல்லை என்றான். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாலையானதும் ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில், "கர்த்தாவே, ஷ்ரேயஸுக்கு நல்ல புத்தியையும் மீன் தின்னும் கிருபையையும் தாரும்" என்று சொல்லி நிறுத்தினார். கிளாரிசா கண்ணை மூடிக்கொண்டே குலுங்கிச் சிரித்தாள். பிறகு சத்தமாக ஆமென் சொன்னாள்.

வெளியே வந்ததும் அவன் முழங்கையைப் பிடித்தாள். "லிஸ்ட்ல வந்துட்ட. இனி அப்பா உன்ன விட மாட்டார். அங்கிள்னு மட்டும் கூப்பிடாத, காது கேக்காத மாதிரி இருப்பார். மாமான்னு சொல்லு."

அந்த வருடங்களில் ஞாயிறு மாலைகள் எல்லாம் நிக்டியில்தான். அவள் சமையலறையில் அம்மாவோடு தமிழும், காய்கறிக்காரனோடு மராத்தியும், போனில் ஆபீஸோடு இங்கிலீஷும் பேசிக்கொண்டே பஜ்ஜி போடுவாள். ஜெபத்தின் நடுவில் அடுப்பில் குக்கர் விசில் வந்தால், ஒரு பெயருக்குப் பிறகு அப்பா நிறுத்தும் இடைவெளியில் ஓடிப்போய் அணைத்துவிட்டு ஆமெனுக்குத் திரும்பி வந்துவிடுவாள். ஒருமுறைகூட தவறவிட்டதில்லை. ஷ்ரேயஸ் அதற்கு நேரம் பார்ப்பான். அவள் நாக்கைத் துருத்துவாள்.

அடக்கம் முடிந்த அன்றும் ஜெபம் நடந்தது. இன்பநாதன் முதலில் டோரீன் என்று பெயர் சொன்னார். ஆமென். அடுத்து ஷ்ரேயஸ் என்றார். இடையில் ஒன்றும் இல்லை. போனவர்களுக்காக வேண்டிக்கொள்வது அவர்கள் சபையில் கிடையாது. அவர்கள் ஏற்கெனவே கர்த்தரிடம் இருக்கிறார்கள், இனிக் கேட்க ஒன்றுமில்லை என்பார்கள். ஷ்ரேயஸுக்கு அது தெரியாது. அவள் இல்லை என்பது, ஐசியூவிலும் கல்லறைத் தோட்டத்திலும் புரியாதது, அவனுக்கு அந்த இடத்தில் புரிந்தது. அதற்குப் பிறகு அவன் நிக்டிக்கு மாலையில் வருவதில்லை. வந்தால் காலையில் வந்து, டீ குடித்துவிட்டுப் போய்விடுவான்.

இப்போது தினமும் மாலையில் வந்தான். ஹிஞ்சவடி ஆபீஸில் வேலையை முடித்துவிட்டு நேரே பைக்கில். மாமாவைப் பார்க்கத்தான் என்று டோரீன் நினைத்தார். அவன் ஒரு பெயரைக் கேட்க வந்தான். அவர் அதைச் சொல்லும் அந்த ஒரு நொடிக்கு அவள் பெங்களூரில் எங்கேயோ லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு மாலை டோரீன் அவனை பால்கனிக்குக் கூப்பிட்டார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க? நெசத்தைச் சொல்லிச் சொல்லித்தான் ஞாபகத்தைக் கொண்டு வரணும்னாங்களா இல்லியா?"

"மெதுவா சொல்லலாம்னாங்க."

"மாசம் ரெண்டாச்சு. போட்டோவ எடுத்து பீரோக்குள்ள வெச்சிட்ட. நான் பெத்தவ. எம் பிள்ள படத்தை ஒளிச்சு வெச்சுப் பாக்கணும்."

அவன் கொடியில் காய்ந்த மாமாவின் சட்டையை எடுத்து மடித்தான்.

"என்னால அந்த ஆமென் சொல்ல முடியலப்பா. நாக்கு வரல. சொல்லாட்டா அவ்வோ கண்ணத் தொறந்து என் மூஞ்சியப் பாக்காவ. நேத்து கேக்காவ, ஏட்டி, உனக்கும் பிள்ளைக்கும் எதும் சண்டையான்னு."

"இன்னும் கொஞ்ச நாள் அத்தை."

"அவ்வோளுக்காகச் சொல்லுதியா, உனக்காகச் சொல்லுதியா?"

முப்பது வருடம் கான்வென்ட்டில் கணக்கு டீச்சராக இருந்தவர். விடை தெரிந்தே கேட்டார்.

அவன் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அந்தப் பொய் அவர் நினைவில் நின்றது. காபி நிற்காத தலையில், போன வாரத்து டாக்டர் நிற்காத தலையில், மகள் பெங்களூரில் இருக்கிறாள் என்பது மட்டும் தினமும் கேட்டுக் கேட்டு ஊன்றிவிட்டது. முன்பு ஆபீஸ் வேலையாகப் போய்ப் பெங்களூரிலிருந்து அவள் வரும்போதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டிவருவது இன்பநாதனின் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் அதைப் புருஷனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. "உன் மாப்ள டிராஃபிக்ல நிப்பான். நான் சீக்கிரமே போய் நிப்பேன்" என்று மகளிடம் சொல்வார்.

சனிக்கிழமை மத்தியானம் டோரீன் போன் செய்தார். குரல் சமமாக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

"குளிச்சிட்டு வாரதுக்குள்ள ஆளக் காணோம். பேன்ட், இஸ்திரி போட்ட சட்ட, எல்லாம் போட்டுட்டுப் போயிருக்காவ. போன் இங்கதான் கெடக்கு."

வாகட்டிலிருந்து வந்த பாதை ஷ்ரேயஸுக்கு நினைவில்லை. மாமாவின் மார்பில் இடப்பக்கம் தோலுக்கடியில் இதயத் துடிப்புக்காகப் புதிதாக வைத்த கருவி. அந்தப் பக்கத்துக் கையைத் தூக்கக் கூடாது. வெயில். திரும்பி வரும் வழி அவர் நினைவில் நிற்காது. கருவியையும் மீறி இதயம் மறுபடி நின்றால் மார்பை அழுத்தப் பக்கத்தில் யார் இருப்பார்கள்.

பக்தி சக்தி சௌக் என்ற நாற்சந்தியின் பஸ் நிறுத்தத்தில் இன்பநாதன் உட்கார்ந்திருந்தார். இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. சட்டை நனைந்திருந்தது. யாரோ வாங்கிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் மடியில்.

"வந்துட்டியா மாப்ள. ஸ்டேஷன் பஸ் எதுன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கான். ஒருத்தன் ஏத்திவிட வந்தான், டிக்கெட்டுக்குப் பர்ஸ் எடுத்துட்டு வரல. பிள்ள வந்து நிப்பா."

ஷ்ரேயஸ் ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. டோரீனுக்குப் போன் செய்து, கிடைத்துவிட்டார் என்றான். வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தான். வீட்டுக்குப் போனால் மாலை வரும். மாலை வந்தால் ஜெபம் வரும்.

"மாமா, அவ வர மாட்டா."

"லேட்டா?"

"இல்ல. கிளாரிசா இறந்துட்டா. போன வருஷம் மழையில. டெங்கு. ரத்தம் கசிய ஆரம்பிச்சது, நிக்கல. பெங்களூர்னு நான் பொய் சொன்னேன்."

அவள் போனதிலிருந்து இதை வாய்விட்டுச் சொல்லும் தேவை அவனுக்கு வந்ததில்லை. இவ்வளவு நாளாக யாரும் அவனைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய ஆள் என்று உலகத்தில் யாரும் மிச்சம் இருக்கவில்லை.

இன்பநாதன் தண்ணீர் பாட்டிலைப் பக்கத்தில் இறக்கி வைத்தார். ஒரு பஸ் வந்து நின்று போனது.

"நான் இருந்தேனா?"

"இருந்தீங்க. நீங்கதான் கண்ண மூடினீங்க."

"அப்பிடியா." கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணும் வரலடே. எம் பிள்ள செத்தது எனக்கு வரல."

அவர் தோள் குலுங்கியது. ஷ்ரேயஸ் அவர் கையைப் பிடித்தான். வெயிலில் இருந்து சூடாக, வேர்வையோடு இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே அவன் அழுதான். பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மாள் நகர்ந்து இடம் விட்டாள்.

"நாளைக்கு மறந்துருவேன்," என்றார் அவர், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"திரும்பச் சொல்றேன்."

"நீயே சொல்லு. டோரீன் தலையில கட்டாத."

மறுநாள் காலையில் கேட்டார். சொன்னான். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதிதாக விழுந்தது. ஆனாலும் அழுகை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது, முகத்துக்கு மட்டும் முன்பே தெரியும் என்பது போல. பொய் நின்ற அதே இடத்தில் நிஜமும் மெதுவாக நிற்கும் என்றாள் டாக்டர் பரஞ்சபே. ஜெபத்தில் பெயர் சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. பிறகு வரவே இல்லை. அன்று டோரீன் பீரோவைத் திறந்து படத்தை எடுத்து மாட்டினார். ஷ்ரேயஸ் ஆணியைப் பிடித்துக்கொண்டான். இனி மாலைகளில் இங்கே தனக்கு ஒன்றுமில்லை என்று நினைத்தான். அப்படியும் வந்தான். அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

ஒரு ஞாயிறு, வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தான். ஐசியூ, பிளேட்லெட்டுக்காக அவன் ஊர் முழுக்க ஓடியது, அவள் கேட்ட ஐஸ்.

"நீ பனியன உள்பக்கம் வெளிய போட்டிருந்த," என்றார் இன்பநாதன்.

அவன் நிறுத்தினான். அது அவன் சொன்னதில் இல்லை. அவனுக்கே தெரியாது.

"கையில்லாத... இல்ல, டி-ஷர்ட்டு. கழுத்துல லேபிள் தொங்குச்சு. நீ அங்கயும் இங்கயும் ஓடுத. நான் சொல்ல வாயெடுத்தேன். எம் மவ கையப் பிடிச்சுட்டா. சொல்லாதீங்கப்பா, காலைலேருந்து அதப் பாத்துதான் சிரிச்சிட்டு இருக்கேன், இங்க சிரிக்க வேற பெருசா ஒண்ணும் இல்லன்னா."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. டோரீன் கதவருகே வந்து நின்றார்.

"சிரிச்சாளா?" என்று கேட்டான் ஷ்ரேயஸ்.

"சத்தம் வரல. வயிறு ஆடுச்சு."

"என்ன கலர் மாமா?"

இன்பநாதன் கண்ணை மூடினார். தேடினார். அவன் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தான்.