பக்கெட்டில் ஒரு தகப்பன்

1

“ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா?”

“தண்ணி மாத்துததுக்கு என்னட்டி கேக்கணும்? நாறிக் கெடந்துச்சு, ஊத்துனேன்.”

“அதுல குஞ்சு இருந்துச்சு.”

“ஒரே ஒரு மீனுதான் இருந்துச்சு. அதப் பத்திரமா பக்கெட்டுல விட்டிருக்கேன். போய்ப் பாரு.”

இந்தக் கதை பிறந்தது இந்தப் பேச்சிலிருந்துதான். எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பின்கட்டில் ஒரே சுவர். காதில் விழுந்தது, ஒட்டுக்கேட்கவில்லை. [கொஞ்சம் ஒட்டுக்கேட்டேன்.] பேசிய புருஷன் பெண்டாட்டிக்கு இசக்கித்துரை, ராஜகுமாரி என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறேன். அவளுடைய கோபத்தை மாற்றவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவிலே களைகட்டியிருந்த அந்த இனிய காலையில் ராஜகுமாரி புன்னகையோடு...’

இல்லை. அவள் புன்னகைக்கவில்லை. நான் எழுதும் குடும்பக் கதைகளின் நாயகிகளுக்கெல்லாம் முதல் வரியிலேயே புன்னகையை ஒட்டிவிடுவது என் கைப்பழக்கம். பிய்த்து எடுத்துவிட்டு எழுதுகிறேன்.

ராஜகுமாரி ஃபைட்டர் மீன் வளர்க்கிறாள். ஹாலில் இருந்த அவளுடைய சின்னக் கண்ணாடித் தொட்டியை, புது டிவிக்கு இடம் வேண்டுமென்று பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். பெண் மீன் முட்டையிட்டதும் அதைப் பிரித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எல்லாம் ஆண் மீனின் வேலை. வாதாம் இலைக்கு அடியில் நுரையால் கூடு கட்டி, கீழே விழும் முட்டைகளை வாயில் எடுத்துக் கூட்டில் ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். இலை ஊறித் தண்ணீர் டீ டிகாஷன் நிறமாகிவிடும். பொரித்த குஞ்சு கண்ணிமை முடியளவுதான் இருக்கும். அதற்குத் தீனியாகக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் வளர வேண்டும் என்று முட்டைக்கோஸ் இலையை அழுகவைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவாள். நாறும்தான். அந்த நாற்றம் குஞ்சுகளின் சாப்பாடு.

முன்பு பொரித்தவையெல்லாம் துணி துவைக்கும் சோப்பு நுரை தெறித்துச் செத்தன. இந்த முறை தொட்டிக்கு மேல் பழைய கதவுப் பலகையைச் சாய்த்துவைத்துக் காப்பாற்றியிருந்தாள்.

மாடியில் ஓர் அறை இருக்கிறது. இசக்கித்துரையின் அக்கா கனகலட்சுமி தபசுத் திருவிழாவுக்கு வந்து தங்குவதற்காக, வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கிற அறை. “மாடி ரூமுல ஒரு மூல போதுங்க, ஒரு தொட்டிதான்” என்று ராஜகுமாரி துணியை அடித்துக்கொண்டே சொல்லிப் பார்ப்பது சுவர் வழியே எனக்குக் கேட்கும். துணியிடம்தான் சொல்வாள். அவனிடம் சொன்னதில்லை.

3

இந்தப் பகுதியில் இசக்கித்துரையின் நல்ல குணங்களை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நல்லவன்தான். அதுதான் எரிச்சலே. அக்காவுக்கு நாறக் கூடாதென்று தொட்டியைக் கவிழ்த்துக் கழுவி, தேய்த்து, பளபளவென்று வைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றவனை எந்த வார்த்தையில் திட்டுவது?

4

எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) அவன் கடைக்கு ஓடி நீலத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக அழகான ஜோடி வாங்கி வந்து தொட்டியில் விடுகிறான். அவள் கண்கலங்கி அவன் தோளில் சாய்கிறாள்.*

(ஆ) அவள் தொட்டியைத் தூக்கிப் போட்டு...

உடைக்க மாட்டாள். தொட்டி அவளுடையது.

* வால் விரிந்த அழகான மீன்கள் இரண்டுமே ஆணாம். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று கிழித்துவிடுமாம். எழுதி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவனும் அதைத்தான் செய்திருப்பான். நானும் அவனும் ஒரே லட்சணம்.

5

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். [சுவருக்கு மேலே எட்டியே பார்த்தேன். இதில் எனக்கு வெட்கமில்லை.]

பக்கெட்டில் தகப்பன் மீன் மேலே வருவதும், நுரையைக் காணாமல் கீழே போவதுமாக இருந்தது. ராஜகுமாரி, தொட்டித் தண்ணீர் ஓடிய பின்கட்டு வாய்க்காலோரம் குத்தவைத்து, டீ வடிகட்டியால் சோப்புத் தண்ணீரை அள்ளி அள்ளிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த கனகலட்சுமி கால் கழுவப் பின்கட்டுக்கு வந்தாள்.

“ஏன் குமாரி, வாய்க்கால்ல என்னத்தத் தொலச்சே?”

“அவ மீனுக்குப் பேறுகாலம் பாத்தாளாம்க்கா. நான் கெடுத்துட்டேனாம்.” இசக்கித்துரை சிரித்தான்.

“வளக்கதுதான் வளக்கா, கொழம்புக்காவது ஆவுத மீனா வளக்கலாம்லா?” அக்காவும் சிரித்தாள். “ஏலே தொர, மாடிச் சாவியத் தா. பைய வைக்கணும்.”

அவன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான். ராஜகுமாரி எழுந்து இருவருக்கும் நடுவே வந்து நின்றாள். வடிகட்டியிலிருந்து தண்ணீர் அவன் காலில் சொட்டியது.

இந்த இடத்துக்கு நான் எழுதிக் கொடுத்த வசனம், ‘ஒரு மூலை போதுங்க’. அவள் அதைச் சொல்லவில்லை. சாவி யார் கைக்குப் போனது என்று நான் எழுதப்போவதில்லை. உங்கள் வீட்டில் யார் கைக்குப் போகுமோ, அதையே எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னது மட்டும் இது:

“மதினி, இந்தத் தடவ நீங்க கீழ படுத்துக்கோங்க. ஏங்க, அந்த மாடி ரூமு எனக்கு வேணும். மூல இல்ல, முழு ரூமு. சாவிய எங்கிட்ட குடுங்க.”