பெல்ட்டில் மெழுகு

பூசை முடிந்து மேகி அக்கா காரைக் கிளப்பினார். பானெட்டுக்குள்ளிருந்து எழுந்த கீச்சுச் சத்தம் மாதா கோயில் வளாகம் முழுக்கக் கேட்டது. உடனே சில்வெஸ்டர் அங்கள் எரிந்து தீர்ந்த மெழுகுவத்தித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். செரண்டா ஊரில் எங்கள் ஆட்களுக்கு இதுதான் வைத்தியம். இன்ஜினில் ஓடும் பெல்ட்டில் மெழுகைத் தேய்ப்பார். சத்தம் அடங்கும். எல்லாரும் சிரிப்பார்கள்.

எட்டு மாதத்துக்கு முன் என் மனைவி ஜெனட்டின் காருக்கும் தேய்த்தார். நான்காம் நாள், புக்கிட் செந்தோசா போகும் வழியில், பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சிறு சக்கரம் இறுகி நின்றுவிட்டது. பெல்ட் அறுந்தது. ஸ்டீயரிங் கனத்துப்போய், செம்பனைத் தோட்டத்து வளைவில் கார் கால்வாயில் கவிழ்ந்தது. அன்று கத்தியது பெல்ட் அல்ல, அந்தச் சக்கரம். ஜெனட்டைப் புதைத்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

"அங்கள், வேணாம்."

"ஒரு நிமிஷ வேலை லா. சத்தம் போயிடும்."

"சத்தம்தான் போகும்."

"நீ படிச்ச காலேஜ்ல இதுவும் சொல்லிக் குடுத்தாங்களா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், "பாவம், விடுங்க, மனசு சரியில்லாத பையன்" என்றார். எட்டு மாதமாக என் தட்டில் இந்தப் 'பாவம்' என்பதைத்தான் போடுகிறார்கள்.

மேகி அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, மாடில்டா ரெண்டு மணிக்குப் புஞ்சாக் ஆலாம் ஹாஸ்டல்ல இருக்கணும். தேய்ச்சு விடட்டுமே."

பின் இருக்கையில் அவர் மகள் மாடில்டா தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு இன்ஜினை அணைத்தேன். என் காரிலிருந்து ஸ்பானர் கொண்டு வந்து, சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றினேன்.

"அக்கா, இந்தச் சக்கரத்தை விரலால சுத்திப் பாருங்க."

சுற்றினார். தகர டப்பாவில் மணலைப் போட்டு உருட்டியதுபோல் கரகரத்தது. சக்கரம் நேராகவும் ஓடவில்லை, ஆடியது. அக்கா கையை இழுத்துக்கொண்டார்.

"இது நின்னா பெல்ட் அறுந்து ஸ்டீயரிங் கனத்துடும். மகளை வச்சுக்கிட்டுப் போறீங்க."

அங்கள் முகம் சுருங்கியது. "அன்னிக்கு நீயும்தான் பக்கத்துல நின்ன. ஒண்ணும் சொல்லலையே."

"நின்னேன். தேங்க்ஸ் அங்கள்னு கூடச் சொன்னேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அங்கள் கையை நீட்டினார். "பெல்ட்டைக் குடு. மாட்டிடுறேன்."

"முடியாது."

"அடுத்தவங்க காரு தம்பி அது."

"ஜெனட் காரும் உங்களுக்கு அடுத்தவங்க காருதான்."

மேகி அக்கா தன் காரின் பின்கதவைத் திறந்தார். மாடில்டாவின் பெட்டியைத் தூக்கி வந்து என் காரில் வைத்தார்.

என் கார் சாலைக்கு வந்ததும் மாடில்டா என் மடியைப் பார்த்தாள். "அண்ணே, அந்த பெல்ட்டை ஏன் தூக்கிட்டு வர்றீங்க?"

"அங்கேயே வச்சிருந்தா, மெழுகு தேய்ச்சு மாட்டி வச்சிருப்பாரு."