ஆறாம் மாடிக் கதவு

அந்த முதியோர் இல்லத்துக்கு ஐந்து மாடிதான். நேற்று மாலை நான்கு பத்துக்கு அதன் ஆறாம் மாடிக் கதவு சரிபார்க்கப்பட்டுவிட்டது.

மேலாளர் திரையை மூடித் திறந்து பார்த்தாள். பச்சை டிக் அப்படியே இருந்தது. கண்ணி வைத்தவள் அவள்தான். விழுந்தது தங்கச்சி புருஷன்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. நாற்பத்தொரு கட்டடம், கட்டடத்துக்குப் பதினோரு வேலை: கயிறு, கதவு, பிரேக், அபாய மணி என்று போகும். போன வருஷம் வரை மாதம் பிறந்தால் அத்தனையையும் அவளே ஒவ்வொன்றாக அடித்து மெக்கானிக்குகளின் போன் செயலியில் ஏற்றினாள். இரண்டு நாள் பிடிக்கும். பிறகு ஒரு டெம்ப்ளேட் எழுதினாள். பதினோரு வரி. கட்டடம், தேதி, ஆள் வரவேண்டிய இடங்கள் மட்டும் காலி. பட்டியலைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் காலியிடங்கள் தாமாக நிரம்பி, நானூற்று ஐம்பத்தொரு வேலையும் அரை நிமிடத்தில் அவரவர் போனில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலாளி பாராட்டினார். சம்பளம் உயரவில்லை, பதவியின் பெயர் உயர்ந்தது.

நேரம் மிச்சமானது. சந்தேகத்துக்கு நேரம் கிடைத்தது.

தங்கச்சி புருஷனின் டிக்குகள் எல்லாம் ஒரே நிமிடத்தில் விழுந்தன. பதினோரு வேலை, ஒரு நிமிடம். பிரேக்கைக் கழற்றிப் பார்க்கவே அரை மணி வேண்டும். ஆள் வேறு வாய் திறக்காதவன். சட்டைப் பையில் எப்போதும் நான்கு நட்டு குலுங்கும் என்பதால் கம்பெனியில் அவனுக்கு நட்டு என்று பெயர். வேலைக்குச் சேர்த்தபோது முதலாளி சொன்னது ஒன்றுதான். "உங்க ஆளு. தப்பு நடந்தா வேலையை விட்டு அனுப்புறதும் நீங்கதான்."

அதனால் இந்த மாதம் முதியோர் இல்லத்துக்கு மட்டும் பன்னிரண்டாவதாக ஒரு வரி சேர்த்தாள். இல்லாத மாடி, இல்லாத கதவு. போகாதவன்தான் டிக் போடுவான்.

போட்டுவிட்டான். அந்த லிஃப்ட்டுக்கான ஆண்டுச் சான்றிதழ் மேசையில் கிடந்தது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பன்னிரண்டு மணிக்கு இல்லத்து ஆள் வாங்க வருவான்.

பதினொன்றுக்கு நட்டு வந்தான். உட்காரவில்லை.

"மாப்பிள்ளை, நேத்து இல்லத்துக்குப் போனீங்களா?"

"போனேன் அக்கா."

"எல்லாம் பார்த்தாச்சா?"

"ம்."

"ஆறாவது மாடியும்?"

அவன் அவளைப் பார்த்தான். சிரிப்பை அடக்குகிறானா, எச்சில் விழுங்குகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அங்க ஏது ஆறாவது மாடி?"

"அதைத்தான் கேக்கறேன். டிக் போட்டிருக்கீங்க."

"ஒண்ணு பாக்கி இருந்தாலும் போன் முடிஞ்சதுன்னு எடுத்துக்காது. அடுத்த பில்டிங் திறக்காது. நீங்க பண்ணி வச்சதுதான்."

அது உண்மை. ஆனால் பொய் சொல்கிறவனுக்கும் அந்த உண்மை உதவும்.

"சரி. பன்னிரண்டு டிக்கும் ஒரே நிமிஷத்துல எப்படி வரும்? உங்க தங்கச்சி புருஷன் மந்திரவாதியான்னு முதலாளி கேட்டா நான் என்ன சொல்ல?"

அவன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். ரேகைகளில் கிரீஸ் ஏறியிருந்தது.

"இந்தக் கையோட போனைத் தொட்டா உங்க தங்கச்சி என்னை வீட்டுக்குள்ள விடுவாளா? வேலை முடிச்சு, கை கழுவிட்டுத்தான் போடுவேன். இல்லாத மாடியைப் பத்தியும் கீழ எழுதியிருக்கேனே."

"எங்க?"

"குறிப்புல."

அவளுக்கு வரும் அறிக்கையில் டிக் மட்டும்தான் வரும். குறிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முடிந்த வேலையைத் தனியாகத் திறக்க வேண்டும். முடிந்த வேலையை யார் திறப்பார்கள்? அவள் திறந்தாள்.

ஆறாம் மாடி இல்லை. கட்டினால் சொல்லவும், பார்க்கிறேன்.

காது சுட்டது. அதே வேகத்தில் பிரேக் வேலையின் குறிப்பையும் திறந்தாள்.

லைனிங் தேய்ந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும்.

போன மாதம்: லைனிங் மாற்ற வேண்டும். அதற்கு முந்தைய மாதம்: லைனிங் தேய்கிறது, கவனிக்கவும்.

சான்றிதழ் மேல் இருந்த பேனாவை எடுத்து அப்பால் வைத்தாள்.

"இதை ஏன் வாயால சொல்லலை?"

"வாயால சொன்னா காத்துல போயிடும், எதுவா இருந்தாலும் போன்ல போடுங்கன்னு சொன்னது யாரு?"

சொன்னது அவள்தான். இருந்தாலும் மனம் விடவில்லை. குறிப்பு எழுதிய நேரத்தைச் செயலி காட்டுவதில்லை. அவனைக் கூப்பிட்டு அனுப்பியது ஒன்பது மணிக்கு, அவன் வந்தது பதினொன்றுக்கு. இரண்டு மணி நேரம். நான்கு வரி எழுத இரண்டு நிமிடம் போதும்.

"வாங்க, போவோம்" என்றாள்.

இல்லத்தின் மொட்டைமாடியில் லிஃப்ட்டின் இயந்திர அறை. நட்டு ஸ்குரூடிரைவரை எடுத்தான்.

"நில்லுங்க. தொடாதீங்க."

அவள் குனிந்து பார்த்தாள். பிரேக் மூடி மேல் தூசு அப்பியிருந்தது. நான்கு திருகின் தலைகளில் மட்டும் தூசு இல்லை. வெட்டுகள் பலமுறை திருப்பித் திருப்பி வெள்ளி போல் பளபளத்தன. சுற்றிலும் கிரீஸ் விரல் தடங்கள். ஒன்றின் மேல் ஒன்று, காய்ந்ததும் காயாததும்.

நேற்று ஒருநாள் மட்டும் வந்த விரல்கள் அல்ல.

"இப்ப திறக்கலாமா?" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது.

மூடி வந்தது. சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் லைனிங் பட்டை நகத்தின் தடிமனுக்கு நின்றிருந்தது. அதன் கீழே இரும்பு. மூன்று மாதமாக இதை நம்பி நாற்பது கிழவர்களும் கிழவிகளும் மேலும் கீழும் போயிருக்கிறார்கள்.

லிஃப்ட் பெட்டி ஐந்தாம் மாடிக்கு வந்து காலியாகும் வரை காத்திருந்து, மெயின் சுவிட்சை அவளே இறக்கினாள்.

கீழே இறங்கும்போது ஐந்தாம் மாடியில் ஒரு பெரியவர் லிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நாள் ஓடாது தாத்தா. மன்னிச்சுக்கோங்க."

"எனக்கு எண்பத்தாறு வயசு. நாளைப் பார்த்து எண்ணிச் சொல்லும்மா."

நட்டு பின்னால் சிரித்தான். படியில் அவன் பையில் நட்டுகள் குலுங்கின.

"மாப்பிள்ளை, முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்."

"என்னன்னு?"

"எழுதியிருந்தீங்க, படிக்கலைன்னு."

அவன் ஸ்குரூடிரைவரைப் பையில் செருகிக்கொண்டான்.

"அவர் உங்களை அனுப்பிட்டா வீட்ல என்னைக் கொன்னுடுவா" என்றான்.

இல்லத்து ஆள் சான்றிதழ் இல்லாமல் திரும்பிப் போனான். முதலாளி வெளியூரில் இருந்தார். மாலை வந்ததும் பேசலாம் என்று மட்டும் சொல்லி போனை வைத்தார்.

அவள் டெம்ப்ளேட்டைத் திறந்து ஆறாம் மாடியை அழித்தாள். அந்த இடத்தில் எல்லாக் கட்டடத்துக்குமாக ஒரு வரி எழுதினாள். 'குறிப்பு படித்தாயிற்று.' ஆள் என்ற இடத்தைக் காலியாக விடாமல் தன்னையே போட்டாள். பொத்தானை அழுத்தினாள். மேசை மேல் அவள் போன் அதிர்ந்தது. நாற்பத்தொரு வேலை.

எல்லாவற்றுக்கும் டிக் போட ஒரு நிமிடம் போதும். அறிக்கையில் பச்சையாகத்தான் வரும். யாருக்கும் தெரியாது.

முதல் கட்டடத்தைத் திறந்தாள்.

மூன்றாம் மாடிக் கதவு சரியாக மூடவில்லை. போன மாதமும் எழுதினேன்.